மிக அடர் பழுப்பு முடிச்சாயம்

மிக அடர் பழுப்பு முடிச்சாயம் என்பது தலைமுடிக்குக் கருமைக்கு அடுத்த படியிலுள்ள நிறத்தைத் தரும் சாயம் ஆகும். பேச்சு வழக்கில் எல்லா வகை முடிச்சாயங்களும் "டை" என்றே அழைக்கப்படுகின்றன. "டை அடித்தல்" என்னும் தொடர் பெரும்பாலும் நரையை மறைத்தலையே குறிக்கும். மிக அடர் பழுப்பு நிறம் வீட்டினுள் கருப்பாகவே தோன்றும். வெயிலில் மட்டும் முடியின் ஓரங்களில் பழுப்புச் சாயல் தெரியும். நாம் கருப்பு எனக் கூறும் இயல்பான முடியும் பெரும்பாலும் இவ்வாறே தோன்றுவதால், தெற்காசியர்களின் நரையை மறைக்கத் தூய கருப்பைவிட இந்நிறமே இயல்புக்கு நெருக்கமானது. ஆயினும் கடைகளில் கருப்பே அதிகம் கேட்டு வாங்கப்படுகிறது.

நிறப்படிகளும் எண்களும்

முடியின் அடர்த்தியைக் குறிக்க முடிதிருத்துநர்களும் சாய நிறுவனங்களும் 1 முதல் 10 வரையான எண்வரிசையைப் பயன்படுத்துகின்றனர். இதில் 1 கருப்பு, 10 மிக வெளிறிய பொன்னிறம். 2 மிக அடர் பழுப்பையும், 3 அடர் பழுப்பையும், 4 இடைப்பட்ட பழுப்பையும் குறிக்கும். சில நிறுவனங்கள் 2 என்ற எண்ணைத் தவிர்த்துவிட்டு 3ஐயே மிகக் கரிய பழுப்பாக விற்கின்றன. எனவே எண்ணை மட்டும் நம்பாமல் பெட்டியில் உள்ள பெயரையும் மாதிரி முடிக் கற்றையையும் ஒப்பிடுதல் நல்லது.

புள்ளிக்குப் பின் வரும் எண் சாயலைக் குறிக்கும். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் .1 சாம்பல் சாயலையும், .3 பொன் சாயலையும், .4 செம்புச் சாயலையும், .6 சிவப்புச் சாயலையும் சுட்டும். இவ்வெண்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல. மேலும், இரண்டாம் படியில் ஒளியின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுவதால் சாயல் வேறுபாடு கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். நிறம் மங்கத் தொடங்கிய பின்னரே அதன் முக்கியத்துவம் தெரியவரும்.

முடியின் அமைப்பு

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்ட செதிள்கள் உள்ளன. இவற்றுக்கு உள்ளே புறணி உள்ளது. முடியின் பருமனில் பெரும்பகுதி இதுவே. நிறமித் துகள்கள் இருப்பதும் இங்குதான். தடித்த முடிகளின் நடுவில் மெல்லிய உள்ளீடும் காணப்படும்.

முடியின் நிறத்திற்கு மெலனின் என்னும் நிறமி காரணம். இது இரு வகைப்படும். யூமெலனின் கருப்பும் பழுப்பும் தருவது; பியோமெலனின் சிவப்பும் மஞ்சளும் தருவது. கரிய முடியில் யூமெலனின் மிகுதி. முடிவேரில் உள்ள நிறமிச் செல்கள் குன்றும்போது முடி நிறமின்றி வளர்கிறது, இதுவே நரை. நரைத்த முடி நிறம் இழந்த முடியன்று, நிறம் பெறாமலே முளைத்த முடி. வேரைவிட்டு வெளிவந்த முடி உயிரற்றது. ஆகவே அதன்மேல் எதைப் பூசினாலும் அது மீண்டும் நிறமியை உருவாக்கிக்கொள்ளாது. "நரையை வேரோடு போக்கும்" என விளம்பரப்படுத்தப்படும் எண்ணெய்களை இவ்வுண்மையோடு பொருத்திப் பார்க்கவேண்டும்.

வரலாறு

முடியைக் கருமையாக்கும் முயற்சி மிகப் பழமையானது. பண்டைய கிரேக்க, உரோமானியர் வாதுமைக் கொட்டையின் வெளித்தோல், மருதாணி போன்றவற்றுடன் ஈய ஆக்சைடும் சுண்ணாம்பும் கலந்த பசையையும் பயன்படுத்தினர். முடியின் கெரட்டினில் உள்ள கந்தகத்துடன் ஈயம் வினைபுரிந்து கரிய ஈய சல்பைடாக மாறுகிறது. இம்முறையை 2006இல் பிரான்சிய ஆய்வாளர்கள் மீண்டும் செய்து பார்த்தனர். அப்போது முடிக்குள் ஏறத்தாழ 5 நானோமீட்டர் அளவுள்ள ஈய சல்பைடுப் படிகங்கள் உருவாவதைக் கண்டனர். நானோநுட்பம் என்ற சொல் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தலையில் நானோபடிகம் வளர்த்தவர்கள் இருந்திருக்கின்றனர்! ஈயம் நச்சுத்தன்மை உடையது என்பதால் இம்முறை இன்று போற்றத்தக்கதன்று. ஆயினும் ஈய அசெட்டேட்டு கலந்த முடிச்சாயங்கள் ஐக்கிய அமெரிக்காவில் அண்மைக்காலம் வரை விற்கப்பட்டன. அவற்றுக்கான ஒப்புதலை அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2018இல் திரும்பப் பெற்றது. தடை 2022இல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய முடிச்சாயத்தின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் நிலக்கரித்தார் வேதியியலில் உள்ளது. பாரா-பினிலீன்டையமீன் (இனி, பிபிடி) என்னும் கரிமச் சேர்மத்தைச் செருமானிய வேதியியலாளர் ஆகத்து வில்லெம் ஓப்மான் 1863இல் கண்டறிந்தார். இது ஆக்சிசனேற்றம் அடையும்போது அடர்ந்த நிறம் தரும். பிபிடியையும் ஐதரசன் பெராக்சைடையும் சேர்த்து முடிக்குச் சாயமேற்றும் முறைக்கு 1883இல் பாரிசில் காப்புரிமம் பெறப்பட்டது. பிரான்சிய வேதியியலாளர் இயூசின் சூலர் 1907இல் தம் சாயத்தைப் பாரிசு முடிதிருத்துநர்களுக்கு விற்கத் தொடங்கினார். அவர் 1909இல் நிறுவிய நிறுவனமே பின்னாளில் லோரியால் என்னும் பெரும் நிறுவனமானது.

சாயம் செயல்படும் விதம்

கடைகளில் கிடைக்கும் நிலைச்சாயங்கள் பெரும்பாலும் இரு பகுதிகளாக இருக்கும். ஒன்றில் சாய முன்பொருட்களும் அமோனியா போன்ற காரமும், மற்றொன்றில் ஐதரசன் பெராக்சைடும் இருக்கும். இவை கலந்தவுடன் வினை தொடங்கும். எனவே கலந்து வைத்த சாயத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்க இயலாது.

காரம் முடியை உப்பச் செய்து செதிள்களை விரிக்கிறது. சிறிய, நிறமற்ற பிபிடி மூலக்கூறுகள் புறணிக்குள் நுழைகின்றன. அங்கே பெராக்சைடு அவற்றை ஆக்சிசனேற்றுகிறது. விளையும் இடைநிலைப் பொருள், இணைப்பான்கள் எனப்படும் வேறு சேர்மங்களுடன் கூடிப் பெரிய நிற மூலக்கூறுகளை உருவாக்குகிறது. உள்ளே நுழைந்தவை சிறியவை, உருவானவை பெரியவை. ஆகவே வந்த வழியே எளிதில் வெளியேற முடிவதில்லை. புட்டிக்குள் கப்பல் கட்டும் வித்தையை இதற்கு ஒப்பிடலாம்.

மிக அடர் பழுப்பு என்பது ஒற்றைச் சாயத்தால் வருவதன்று. பிபிடியுடன் ரெசோர்சினால் சேர்ந்தால் பச்சை கலந்த பழுப்பும், மெட்டா-அமினோபீனால் சேர்ந்தால் செந்நிறம் கலந்த பழுப்பும், வேறு சில இணைப்பான்களால் நீலமும் ஊதாவும் கிடைக்கும். இவற்றைத் தக்க அளவில் கலந்தே நடுநிலையான கரும்பழுப்பு பெறப்படுகிறது. இதே பொருட்களைக் குறைந்த அளவில் சேர்த்தால் இளம்பழுப்பு வரும். அடர் நிறச் சாயங்களில் பிபிடி வகைப் பொருட்கள் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். கீழே கூறப்படும் ஒவ்வாமைச் சிக்கலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பெராக்சைடின் செறிவு "வால்யூம்" என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 10 வால்யூம் என்றால் 3%, 20 வால்யூம் என்றால் 6%. ஒரு லிட்டர் கரைசல் எத்தனை லிட்டர் ஆக்சிசனை வெளியிடும் என்பதே இவ்வெண்ணின் பொருள். 3% கரைசலின் ஒரு லிட்டரில் 30 கிராம் பெராக்சைடு உள்ளது. மூலக்கூற்று எடை 34 என்பதால் இது 0.88 மோல்; வெளிவருவது 0.44 மோல் ஆக்சிசன், அதாவது ஏறத்தாழ 10 லிட்டர். நரையை மறைக்கப் பொதுவாக 20 வால்யூம் பயன்படும். முடியைக் கருமையாக்க மட்டும் விரும்புவோர்க்கு 30, 40 வால்யூம்கள் தேவையற்றவை. அவை இயல்பான மெலனினை வெளுப்பதற்கானவை.

சிறு பாக்கெட்டுகளில் வரும் தூள் சாயங்களில் பேரியம் பெராக்சைடு போன்ற திண்ம ஆக்சிசனேற்றி முன்பே கலக்கப்பட்டிருக்கும். நீர் சேர்த்தால் போதும். விலை மலிவும் எளிமையும் இவற்றை இந்தியாவில் பரவலாக்கின. வேதியியல் அடிப்படையில் இவையும் பிபிடிச் சாயங்களே.

நிறத்தைத் தேர்தல்

எவ்வளவு நரை, முன்பு என்ன பூசப்பட்டது, எவ்வளவு காலம் தொடர விருப்பம் ஆகிய மூன்றும் தேர்வைத் தீர்மானிக்கின்றன. தோல் நிறத்திற்கேற்ற நிறம் என்று நீண்ட அட்டவணைகள் பல இடங்களில் காணக்கிடைக்கின்றன. புருவத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே அவற்றைவிடப் பயனுள்ள அளவுகோல்.

நரை கால் பங்குக்கும் குறைவாக இருப்பின் அரைநிலைச் சாயம் போதுமானது. இதில் பெராக்சைடு குறைவு. நிறம் சில வாரங்களில் படிப்படியாகக் கரைந்துபோகும். வேர்ப்பகுதியில் கோடு விழுவதும் குறைவு. நரை மிகுந்த தலைக்கு நிலைச்சாயமே ஏற்றது.

தயக்கம் இருப்பின் விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிறியதைத் தேர்வது வழக்கம். போதாத கருமையை அடுத்த முறை கூட்டலாம். கூடிய கருமையைக் குறைப்பது கடினம். ஏனெனில் ஒரு சாயத்தின்மேல் வெளிறிய சாயத்தைப் பூசினால் நிறம் வெளிறாது. வெளுப்பான் கொண்டே பழைய சாயத்தை அகற்றவேண்டும்.

சாயல் குறித்தும் ஒரு சொல். பெராக்சைடு சாயத்தை உருவாக்கும்போதே இயல்பான மெலனினையும் சிறிது வெளுக்கிறது. கரிய முடி வெளுக்கும்போது முதலில் செம்பழுப்பு, பின் ஆரஞ்சு, பின் மஞ்சள் என மாறும். எனவே சாயம் மங்கியதும் முடி செந்நிறமாகத் தோன்றும். இதை விரும்பாதோர் நடுநிலை அல்லது சாம்பல் சாயலுள்ள அடர் பழுப்பைத் தேர்வர். மாறாக, ஏற்கெனவே வெளுக்கப்பட்ட முடியின்மேல் சாம்பல் சாயலைப் பூசினால் பச்சை கலந்த மங்கல் நிறம் வரக்கூடும். அத்தகைய முடிக்கு முதலில் சிவப்பு அல்லது செம்புச் சாயலை நிரப்பி, அதன் பின்னரே அடர் பழுப்பைப் பூசுவர்.

மருதாணியும் அவுரியும்

வேதிச் சாயங்களைத் தவிர்ப்போர் மருதாணியையும் அவுரியையும் நாடுகின்றனர். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் சேர்மம் கெரட்டினுடன் பிணைந்து செம்மஞ்சள் நிறம் தரும். மருதாணியால் மட்டும் ஒருபோதும் கருமை வாராது. அவுரி இலையில் உள்ள இன்டிகேன் நீரில் சிதைந்து, காற்றுடன் சேர்ந்து நீல நிற இன்டிகோவாகிறது. செம்மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று அமைந்தால் பழுப்போ கருப்போ தோன்றும். ஒரு பங்கு மருதாணிக்கு இரு பங்கு அவுரி கலந்தால் அடர் பழுப்பு கிடைக்கும். முதலில் மருதாணி, அலசிய பின் தனியாக அவுரி என இரு கட்டமாகப் பூசினால் கருமை கூடும். மருதாணியைச் சில மணி நேரம் ஊறவைக்கவேண்டும்; அவுரியையோ நீர் சேர்த்துச் சில நிமிடங்களிலேயே பூசிவிடவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் இரவு முழுதும் ஒன்றாக ஊறவைப்பதால்தான் பலருக்குச் சிவப்பு மட்டுமே பிடிக்கிறது.

இராசத்தானின் சோசத்து மருதாணி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிடப்படுகிறது.

"கருப்பு மருதாணி" என்ற பெயரில் விற்கப்படும் பொருட்களைக் குறித்து எச்சரிக்கை தேவை. அப்படியொரு தாவரம் இல்லை. அவற்றில் பலவற்றின் கருமைக்குக் காரணம் சேர்க்கப்பட்ட பிபிடியே. உறையில் இலைப்படம் இருப்பதும் "மூலிகை" என்று எழுதியிருப்பதும் சான்றாகா. உட்பொருள் பட்டியலைப் படிக்கவேண்டும். அரை மணி நேரத்திற்குள் முடியைக் கருப்பாக்கும் மருதாணி என்பது ஐயத்திற்குரியது. தூய மருதாணியும் எல்லோருக்கும் தீங்கற்றது அன்று. ஜி-6-பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதை உடலில் பூசினால் குருதிச் சிவப்பணுக்கள் சிதைய வாய்ப்புண்டு.

பூசுதலும் பராமரிப்பும்

தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. எனவே நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர்ப்பகுதியில் வெண்கோடு தெரியத் தொடங்கும். அப்போது புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் சாயம் பூசவேண்டும். வீட்டில் பூசிக்கொள்வோரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை, ஒவ்வொரு முறையும் வேர் முதல் நுனி வரை பூசுவதாகும். 40 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனி மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. மாதந்தோறும் முழுதும் பூசினால் அந்நுனி நாற்பது முறை சாயமேற்றப்பட்டிருக்கும். அடர் பழுப்பை விரும்பித் தேர்ந்தவர்களின் முடி ஓரிரு ஆண்டுகளில் நுனியில் மைக்கருப்பாகவும் வேரில் பழுப்பாகவும் இருப்பது இதனாலேயே. நுனி மங்கியிருந்தால் அலசுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு சாயத்தைக் கீழே இழுத்துவிட்டால் போதும்.

சாயத்தைக் குறிப்பிட்ட நேரத்திற்கு முன்பே அலசிவிடுவதும் நல்லதன்று. நரைத்த முடிக்குள் சாயம் மெதுவாகவே நுழையும். அலசும்வரை பார்த்த கருமை முடியின் மேற்பரப்பில் உள்ள பசையின் கருமையாக இருக்கக்கூடும். மறுபுறம், குறிப்பிட்டதைவிட அதிக நேரம் வைத்திருப்பதால் தோல் எரிச்சலே மிஞ்சும். உலோகக் கிண்ணத்தைத் தவிர்த்து நெகிழி அல்லது பீங்கான் கிண்ணத்தைப் பயன்படுத்தவேண்டும். உலோக அயனிகள் பெராக்சைடைச் சிதைப்பனவாகும். உலோக உப்புச் சாயம் பூசிய தலையில் பெராக்சைடு சாயத்தைப் பூசுவது இன்னும் இடர்மிக்கது. வெப்பம் வெளிப்பட்டு முடி அறுந்துபோகலாம்.

நிறம் மங்குவதற்கு நீர், ஷாம்பூ, வெயில், சூடான முடிநேராக்கி ஆகியவை காரணங்கள். தலைக்குக் குளிக்கும் எண்ணிக்கையைக் குறைத்தல், மென்மையான ஷாம்பூ, வெந்நீருக்கு மாற்றாகத் தண்ணீர், வெயிலில் தலைக்கு மறைப்பு ஆகியன பயன்தரும். நீச்சல் குளத்தில் இறங்குமுன் நல்ல நீரால் தலையை நனைத்துக்கொண்டால் குளோரின் நீர் உட்புகுவது குறையும். சாயமேற்றிய முடியின் செதிள்கள் முன்புபோல் படிந்திருப்பதில்லை. தேங்காய் எண்ணெய் அல்லது கண்டிசனர் அதன் சொரசொரப்பைக் குறைக்கும்.

ஒவ்வாமையும் நச்சுத்தன்மையும்

பிபிடி வலிமையான ஒவ்வாமை ஊட்டி ஆகும். அமெரிக்கத் தொடுதோலழற்சிக் கழகம் 2006இல் இதனை அவ்வாண்டின் ஒவ்வாமை ஊட்டியாக அறிவித்தது. உச்சந்தலை, காது, நெற்றி, கண்ணிமை ஆகிய இடங்களில் அரிப்பு, சிவத்தல், நீர்கோத்த கொப்புளம், வீக்கம் என அறிகுறிகள் தோன்றும். இவை பூசிய உடனே அன்றி ஓரிரு நாட்கள் கழித்தே பெரும்பாலும் வெளிப்படுவதால் பலர் சாயத்தோடு இவற்றைத் தொடர்புபடுத்துவதில்லை. பத்து ஆண்டுகள் தொல்லையின்றிப் பயன்படுத்தியவருக்கும் பதினோராம் ஆண்டில் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். விழாக்களில் தோலில் வரையப்படும் கருப்பு மருதாணியால் சிறுவயதிலேயே ஒவ்வாமை பெற்று, பின்னர் முதன்முறை டை அடிக்கும்போதே முகம் வீங்கியவர்களும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு முறையும், பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு, காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது சாயத்தை இட்டுச் சோதிக்கவேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அச்சாயத்தைப் பயன்படுத்தலாகாது. முன்பு கடும் எதிர்வினை ஏற்பட்டவர்கள் சோதனையையும் தாமே செய்யாமல் தோல் மருத்துவரை அணுகவேண்டும். "அமோனியா இல்லாதது" என்ற அறிவிப்பு பிபிடி இல்லாததைக் குறிக்காது. அமோனியாவை நீக்கினால் நாற்றமே குறையும். பிபிடிக்கு மாற்றாகப் பயன்படும் தொலுயீன்-2,5-டையமீனும் அதே ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எதிர்வினையைத் தூண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் நிலையில் பிபிடியின் அளவு 2%ஐ மீறலாகாது.

புருவத்திற்கும் இமைக்கும் முடிச்சாயம் பூசவே கூடாது. 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் லேசு லூர் என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வையிழந்த நிகழ்வுகள், 1938இல் அங்கு அழகுப்பொருட்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்படக் காரணங்களுள் ஒன்றாயின. இந்தியாவின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகளும் இவ்வெச்சரிக்கையை உறையில் அச்சிட வலியுறுத்தின. பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பொடியெழுத்துத் தாள் இதற்காகவே உள்ளது. அது பெரும்பாலும் பிரிக்கப்படாமலே குப்பைக்குச் செல்கிறது.

புற்றுநோய் குறித்த ஐயம் 1975இல் புரூசு ஏம்சு குழுவினர் பல முடிச்சாயங்கள் நுண்ணுயிரிகளில் மரபணுப் பிறழ்வை உண்டாக்குவதாகக் காட்டியபோது வலுப்பெற்றது. அதன்பின் சில பொருட்கள் கைவிடப்பட்டன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில், முடிதிருத்துநராகத் தொழில்வழிச் சாயத்திற்கு உள்ளாவதை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. தனிப்பட்ட பயன்பாட்டை வகைப்படுத்தப் போதிய சான்றில்லை எனக் கூறியது. ஆகவே சலூனில் நாள்தோறும் பல தலைகளுக்குச் சாயம் பூசுபவருக்கே இடர் கூடுதல். கையுறையும் காற்றோட்டமும் அவருக்கு இன்றியமையாதவை.

பிபிடி வயிற்றுக்குள் சென்றால் உயிருக்கே ஊறு விளைவிக்கும். முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைப்பு ஏற்படலாம். பின்னர்த் தசைகள் சிதைந்து சிறுநீர் கருத்துச் சிறுநீரகம் செயலிழக்கலாம். தென்னிந்திய மருத்துவமனைகளில் இத்தகைய நச்சேற்றம் தொடர்ந்து பதிவாகி வருகிறது. இதற்கென முறிமருந்து ஏதுமில்லை. தொடக்கத்தில் நலமாகத் தோன்றினாலும் காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழைத்து, மூச்சுக்குழாய்க் கருவிகள் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். சாயத்தின் உறையையும் உடன் எடுத்துச்செல்வது மருத்துவருக்கு உதவும். சாயப் பாக்கெட்டுகளைக் குளியலறை மாடத்தில் வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். கலந்து மிஞ்சிய சாயத்தைக் கிண்ணத்தில் விடாமல் உடனே கொட்டிவிடவேண்டும்.

சாயத்தை நிறுத்துதல்

அடர் நிறத்திலிருந்து நரைக்குத் திரும்புவது பொறுமை தேவைப்படும் செயல். சாயநீக்கிகள் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் உள்ளிருக்கும் நிற மூலக்கூறுகளை மீண்டும் சிறியனவாக ஒடுக்கி வெளியேற்றுகின்றன. ஆனால் பெராக்சைடால் வெளுத்த மெலனின் திரும்பாது. எஞ்சுவது செம்பழுப்பு நிறமே. நன்கு அலசாவிடில் எஞ்சிய மூலக்கூறுகள் காற்றுப்பட்டு மறுபடி கருக்கும். ஆண்கள் முடியைக் குட்டையாக வெட்டி மூன்று நான்கு மாதங்களில் இதைக் கடந்துவிடுவர். நீண்ட முடியுடையோர் நிலைச்சாயத்தை நிறுத்தி, அரைநிலைச் சாயத்தால் கோட்டை மங்கச்செய்து, மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரவிட்டு நுனியை வெட்டி வருவர். தோள்வரை நீண்ட முடிக்கு இது இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.